பாசிக்குடாவுக்குப் பாதி வழி பஸ்ஸில் போங்கள்

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பரிமாற்ற மாணவர்களாக வந்திருப்பவர்கள் சனி, ஞாயிறுகளில் பாசிக்குடாவுக்குக் கடல் குளிக்கப் போவதென்றால், விடுதி வாசலிலேயே ஆட்டோ பிடிக்காமல், பிரதான வீதியில் வாழைச்சேனை பஸ்ஸில் ஏறி, அங்கு இறங்கிய பின் ஆட்டோ பிடிப்பது நல்லது. பல்கலைக்கழகம் மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே செல்லும் ஏ15 வீதியிலேயே இருப்பதால், தூரத்தின் பெரும்பகுதி பஸ் கட்டணத்தில் முடிந்துவிடும். வாழைச்சேனையிலிருந்து எஞ்சுவது சில கிலோமீற்றர்தான். தூரப் பயணத்துக்கு வெறுமையாகத் திரும்பும் செலவையும் சேர்த்தே ஆட்டோக்காரர் கூலி கேட்பார், அது நியாயமும்கூட. ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்.

இருட்டிய பின் திரும்புவோருக்கு இந்த வழி பொருந்தாது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரை, அலையடங்கிய அந்தக் குடாவும் கலங்கிக் கிடக்குமாகையால், பயணத்தையே தள்ளிவையுங்கள்.