லைன் லாரிக்குப் போகும் முன்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்த லாரி ஆபீஸில் கேட்டாலும் டிரைவர் கிடைக்கவில்லை என்கிறார்கள். அதை மட்டும் நம்பி லைன் லாரியில், அதாவது தூர ஊர்களுக்கு லோடு ஏற்றிப் போகும் லாரியில், டிரைவராக ஏறிவிடாதீர்கள். இருந்தவர்கள் ஏன் இறங்கிப் போனார்கள் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் லைசென்ஸ். வயது 20 ஆகியிருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். அது சுலபம், தொழில் பழகுவதுதான் இப்போது கஷ்டம். முன்பு கிளீனராக ஏறி, தார்ப்பாய் கட்டி, டயர் மாற்றி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டார்கள். இன்று பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. அதனால் எடுத்தவுடன் டெல்லி லோடு வேண்டாம். கொஞ்ச காலம் பக்கத்து ஊர் நடைகள் (டிரிப்புகள்), அப்புறம் அனுபவஸ்தர் ஒருவரோடு இரண்டாவது டிரைவராகப் போங்கள். தொப்பூர் கணவாயில் லோடு வண்டியைக் கியரில் பிடித்து இறக்குவதை ஆள் பக்கத்தில் இருக்கும்போதே பழக வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடச் சொல்பவர் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள்.

அடுத்தது காசு. மாதச் சம்பளமா, நடைக்கு இவ்வளவா, வாடகையில் பங்கா, தினப்படி தனியா, வழிச்செலவு யாருடையது, மைலேஜ் குறைந்தாலோ சரக்கு குறைந்தாலோ யார் தலையில் விழும், எல்லாவற்றையும் சாவி வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். பலரும் கேட்க மறப்பது ஒன்று: திரும்ப லோடு கிடைக்காமல் வெளியூரில் கிடக்கும் நாட்களுக்குப் படி உண்டா? வருமானம் கரைவது அங்கேதான்.

நாளுக்கு 8 மணி நேர வேலை என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. ரோட்டில் அதை யாரும் பார்ப்பதில்லை, எனவே தூக்கத்தை நீங்கள்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். விடியற்காலை கண் சொருகினால் லோடு தாமதமானாலும் பரவாயில்லை, ஓரங்கட்டுங்கள். முடிந்தால் புது வண்டியாகக் கேளுங்கள், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் வரை கிடைக்கும், இன்றைக்கே சேருங்கள். அது போதாதுதான், ஆனால் பல வீடுகளில் அதுகூட இல்லை.

எதிர்காலம்? டிரைவர் இல்லாத லாரி நம் ரோட்டுக்கு வர நாளாகும். அதைவிடப் பக்கத்தில் இருப்பது சரக்கு ரயில் பாதைகள், அப்புறம் பெரிய வண்டிகள். 2018இல் ஆக்சில் எடை வரம்பை, அதாவது சக்கர அச்சு ஒவ்வொன்றும் தாங்கலாம் என்ற எடையை, உயர்த்தியபின் அதே சரக்குக்கு முன்பைவிடக் குறைந்த லாரிகள் போதும். நாற்பது வயதுக்கு மேல் முதுகும் கண்ணும் வேறு கணக்குக் கேட்கும். ஆகவே லைனில் இருக்கும்போதே 3 நாள் பயிற்சி எடுத்து, கேஸ், பெட்ரோல் டேங்கர் ஓட்டுவதற்கான அனுமதியை லைசென்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள். கடனில் சொந்த லாரி எடுக்கும் ஆசை வந்தால், லோடே இல்லாத மூன்று மாதத்துக்கான தவணை கையில் சேரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.