3110031100: சுங்கை சிப்புட் அஞ்சல் எண்ணைப் பகா எண்களாகப் பிரிப்பது எப்படி?

மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட் ஊரின் அஞ்சல் குறியீடு 31100. அதை இடைவெளி விடாமல் இருமுறை எழுதினால் 3110031100. பத்து இலக்கம், பார்க்க மலைப்பாகத்தான் இருக்கும். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும்.

படி 1. கடைசி இரண்டு சுழியங்கள் 2² × 5². எடுத்துவிட்டால் 31100311.

படி 2. 11-ஐச் சோதியுங்கள். வலமிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழிக்க வேண்டும்: 1−1+3−0+0−1+1−3 = 0. வகுபடுகிறது, ஈவு 2827301.

வகுபடுமா என்று மட்டும் பார்க்க எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் சரி. மீதி வேண்டுமானால் வலப்பக்கம்தான். எடுத்துக்காட்டாக, பின்னால் வரப்போகும் 9091-க்கு வலமிருந்து −17 வரும், 22-ஐக் கூட்டினால் மீதி 5. இடமிருந்து போட்டால் 17 வந்து, மீதி 6 என்று தப்பாகிவிடும்.

படி 3. 2827301 ÷ 311 = 9091. 311 எங்கிருந்து வந்தது? 31100 = 311 × 100. ஐந்து இலக்க எண்ணை இருமுறை எழுதுவது அதை 100001-ஆல் பெருக்குவதுதான். 100001 = 11 × 9091. 311 பகா எண்: 18² = 324, ஆகவே 17 வரை பார்த்தால் போதும், எதுவும் வகுக்காது.

படி 4. 9091 பகா எண்தானா? பலர் தடுக்கி விழும் இடம் இது. 96² = 9216 என்பதால் 95-க்குள் இருக்கும் 24 பகா எண்களையும் போட்டுப் பார்க்கத் தோன்றும். தேவையில்லை. p என்ற பகா எண் 9091-ஐ வகுத்தால் 100001-ஐயும் வகுக்கும், அதாவது 10⁵-ஐ p-ஆல் வகுத்தால் மீதி −1. அப்படியானால் 10-இன் அடுக்குகளின் மீதிகள் பத்துப் பத்தாகச் சுழலும் (11-க்கு மட்டும் இரண்டிரண்டாக). ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 10-இன் (p−1)-ஆம் அடுக்கை p-ஆல் வகுத்தால் மீதி 1, எனவே p−1 பத்தின் மடங்காக வேண்டும், p 1-இல் முடிய வேண்டும். 11, 31, 41, 61, 71 மட்டுமே மிச்சம். மீதிகள் முறையே 5, 8, 30, 2, 3. ஒன்றும் சுழியம் இல்லை, 9091 பகா எண்.

ஆக, 3110031100 = 2² × 5² × 11 × 311 × 9091. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 3×3×2×2×2 = 72 காரணிகள்.

சரிபார்க்க கேசியோ எஃப்எக்ஸ்-570 இஎஸ் பிளஸ் கணிப்பான் நல்லது: எண், சமக்குறி, பிறகு ஷிஃப்ட், ஃபேக்ட் (பகா எண்களாகப் பிரிக்கும் விசை). 570 எம்எஸ்ஸில் இந்த வசதி இல்லை. விடையில் அடைப்புக்குறிக்குள் எண் வந்தால் கருவியால் அதற்குமேல் பிரிக்க முடியவில்லை என்று பொருள், பகா எண் என்று எழுதிவிடாதீர்கள். 2036162 கொடுத்தால் 2×(1018081) என்று நிற்கும், ஆனால் 1018081 = 1009².

பிற்சேர்க்கை: இன்னொரு மலேசிய ஊரான பீடோங்கின் அஞ்சல் குறியீடு 08100-ஐ இதேபோல் போட்டவர்களுக்கு 11 வரவில்லையாம். முதல் சுழியம் போனாலும் நடுச் சுழியத்தை விடக்கூடாது: 810008100. அதை விட்டு 81008100 என்று எழுதினால் பெருக்கும் எண் 10001 ஆகிவிடும், அது 73 × 137.