வரியின்மேல் விரல் வையுங்கள்: ஆங்கில வாசிப்புத் தேர்வுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பாளையங்கோட்டையில் மாலை வேளைகளில், வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் படிக்கிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வாசிப்புப் பகுதியில் அவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் ஆங்கிலம் தெரியாததால் அன்று. உரைப்பகுதியில் இல்லாத ஒன்றைத் தம் மனத்திலிருந்து எடுத்து விடையாக எழுதிவிடுவதால்தான். எனவே, எந்த வகைக் கேள்வியாக இருந்தாலும், விடைக்கு ஆதாரமான வரியின்மேல் விரலை வைத்துக் காட்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

முதல் படி, உரைப்பகுதிக்குள் நுழைவது. ஐஇஎல்டிஎஸ் வாசிப்புத் தேர்வில் 60 நிமிடங்களில் 40 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். உயர்கல்விக்குப் போகிறவர்கள் எழுதும் அகாடமிக் பிரிவில் 3 நீண்ட உரைப்பகுதிகள் வரும் என்பதால், ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக்கொண்டு படித்தால் அந்த நேரம் போதவே போதாது. தலைப்பையும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் படித்து, எந்தப் பத்தியில் எந்தச் செய்தி இருக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு, உடனே கேள்விகளுக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி, நேரடித் தகவல் கேள்வியும் கோடிட்ட இடமும். கேள்வியில் உள்ள ஊர்ப்பெயர், ஆண்டு, எண் ஆகியவற்றைத் தேடினால் உரிய வரி விரைவில் அகப்படும். இரண்டு சொற்களுக்கு மிகாமல் எழுதுக என்று கட்டளை இருக்கும்போது மூன்றாவது சொல் ஒன்றைச் சேர்த்தாலும் விடை தவறாகிவிடும். எழுத்துப்பிழைக்கும் அதே கதிதான்.

மூன்றாம் படியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ட்ரூ (உரை அதையே சொல்கிறது), ஃபால்ஸ் (உரை அதை மறுக்கிறது), நாட் கிவன் (உரையில் அது இல்லை) என்ற மூன்றில் ஒன்றைத் தேர்வது அது. வகுப்பில் நான் தரும் சிறு உரைப்பகுதி ஒன்றின் சாரம் இது: தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன, அவற்றுள் ஏழு, ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்பே கட்டப்பட்டவை, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. இதைக்கொண்டு மூன்று கூற்றுகளைப் பார்ப்போம். ‘ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மற்ற ஏழுக்கும் பிந்தியது’ என்பது ட்ரூ. பிந்தியது என்ற சொல் உரையில் இல்லாவிட்டாலும் பொருள் இருக்கிறது. ‘எட்டையும் ஆங்கிலேயரே கட்டினர்’ என்பது ஃபால்ஸ். உரை அதை நேராக மறுக்கிறது. ‘இந்த ஆறு புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது’ என்ற மூன்றாவது கூற்றுக்கு, அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் செவிலியர் ஒருவர் சற்றும் தயங்காமல் ட்ரூ என்று எழுதினார். “உண்மைதானே சார்?” என்று கேட்டார். உண்மைதான், நம் ஊரில் சிறு பிள்ளையும் சொல்லும். “எந்த வரிம்மா?” என்று கேட்டபோது அவருடைய விரல் தாளின்மேல் மேலும் கீழுமாக நகர்ந்து, கடைசியில் எங்கும் நிற்காமல் திரும்பியது. உரை அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆகவே விடை நாட் கிவன். நமக்கு நன்கு தெரிந்த செய்தி வரும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். ஆல், ஒன்லி, நெவர் போன்ற சொற்கள் கூற்றில் இருந்தால், உரையும் அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காம் படி, பத்திக்குத் தலைப்புப் பொருத்துவது. பத்தியில் எடுத்துக்காட்டாக ஒருமுறை வந்துபோகும் சொல்லையே தலைப்பில் வைத்து ஏமாற்றுவார்கள். பத்தி முழுவதையும் தாங்கும் தலைப்பையே தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் படி, ஊகக் கேள்வி. பத்தமடையில் ஆற்றில் நீர் குறைந்த ஆண்டில் கோரை கிடைக்காமல் பாய் நெய்வது நின்றது என்று உரையில் இருந்தால், அத்தொழில் ஆற்றை நம்பியிருக்கிறது என்று ஊகிக்கலாம். நெசவாளர்கள் ஊரைவிட்டுப் போனார்கள் என்று ஊகிக்க இடமில்லை. வரியிலிருந்து ஓரடிக்கு மேல் நகரக் கூடாது.

சொற்பொருள் கேள்விக்கு, கொடுத்துள்ள நான்கு சொற்களையும் அதே வாக்கியத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் படித்துப் பாருங்கள். யீல்டு என்பது நெல்வயலைப் பற்றிய உரையில் விளைச்சலாகவும், சாலை விதியைப் பற்றிய உரையில் வழிவிடுதலாகவும் பொருள்படும்.

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே எந்த இடத்தையும் வெறுமையாக விடாதீர்கள். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வில் கால் பங்கு மதிப்பெண் கழிக்கப்படுவதால், வரி அகப்படாத கேள்வியைத் தாண்டிச் செல்வதே நல்லது. வீட்டில் பயிற்சி முடித்ததும், தவறிய ஒவ்வொரு விடைக்கும் அருகில் சரியான விடை இருக்கும் வரியின் எண்ணைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.