பழைய வீட்டுச் சுவரில் ஓதமும் பூஞ்சையும்: பெயிண்டரை அழைக்கும் முன் செய்ய வேண்டியவை

மதுரையின் மாசி வீதிகளையும் வெளி வீதிகளையும் ஒட்டிய சந்துகளில், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்ட வீடுகள் இன்னும் பல உள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இவற்றின் உட்சுவர்களில் பெயிண்ட் பொரிந்து உதிர்வதும் மூலைகளில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படர்வதும் வழக்கம். புதிதாகப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் அடிக்கும் பெயிண்ட் அடுத்த மழைவரைகூடத் தாங்காது.

ஈரம் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே காரணத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரம்வரை சுவர் நெடுகப் பரவி, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம், அதாவது ஓதம். பழைய வீடுகள் பலவற்றில் அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே ஓதம் தடுக்கும் அடுக்கு கிடையாது. போதாக்குறைக்கு, பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலையைப் போட்டுப் போட்டு, ஒருகாலத்தில் படியேறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது இறங்கிச் செல்லவேண்டிய நிலை பல தெருக்களில் உண்டு. மழைநீர் அத்தகைய சுவரின் அடியிலேயே தேங்கும். கூரையோரத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி வழியும் கறை மாடியிலிருந்து வருவது. சுவரின் நடுவே தனித்திட்டாகத் தெரிந்தால் குழாய்க் கசிவையோ, பொதுச்சுவருக்கு அப்பால் உள்ள பக்கத்து வீட்டுக் குளியலறையையோ சந்தேகிக்க வேண்டும். அது கொத்தனாரால் மட்டும் தீரும் வேலையன்று; பக்கத்து வீட்டாருடன் பக்குவமாகப் பேச வேண்டியிருக்கும்.

பீரோவுக்குப் பின்னாலோ, ஜன்னலில்லாத அறையிலோ பூஞ்சை படர்ந்து, காரணம் தெளிவாகத் தெரியாதபோது எளிய சோதனை ஒன்று உண்டு. சுவரைத் துடைத்து, ஓரடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரமே காரணம். காற்றோட்டத்தைக் கூட்டி, மழைக்காலத்தில் ஈரத்துணியை அறைக்குள் உலர்த்துவதை நிறுத்தினாலே பெரும்பாலும் போதும். உட்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

மாடிக் கசிவுக்கு முதலில் தண்ணீர் வெளியேறும் தூம்புகளையும், கைப்பிடிச் சுவர் விரிசல்களில் முளைத்த அரசங்கன்றுகளையும் பாருங்கள். கன்றை மேலோட்டமாக வெட்டினால் வேர் மீண்டும் துளிர்க்கும். காரையைக் கொத்தி வேரோடு எடுத்து விரிசலைப் பூச வேண்டும். மர விட்டங்களின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் மாடிகளில் ஓட்டு இணைப்புகள் திறந்துகொள்வது சாதாரணம். அங்கே கசிவு நீடித்தால் விட்டத்தின் முனைகள் உளுத்துப்போகும் என்பதால், இந்த வேலையைத் தள்ளிப்போடலாகாது.

பூஞ்சையை உலர்ந்த நிலையில் சுரண்டினால் அதன் விதைத்தூள் வீடு முழுவதும் பரவும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்துவோர் அதனுடன் ஆசிட்டை ஒருபோதும் கலக்கக்கூடாது. நச்சான குளோரின் வாயு வெளியேறும். வினிகர் போன்ற புளிப்புப் பொருள்கள் சுண்ணாம்பை அரிப்பதால் காரைச் சுவருக்கு ஆகாது. உப்புக்கு முறை நேர்மாறு: அதை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். கழுவினால் கரைந்து மீண்டும் சுவருக்குள் போய்விடும்.

மிகப் பெரும் சேதம் பழுதுபார்ப்பதாக எண்ணிப் பூசும் சிமெண்ட்டால் விளைகிறது. காரைச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தைப் பூச்சின் வழியே காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். மூன்றடியில் நின்ற கறை ஐந்தடிக்குப் போவது இப்படித்தான். ஆகவே, ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல்லை வெளியே தெரியவிடுங்கள். சுவர் உலர அங்குலத்துக்கு ஒரு மாதம் ஆகும் என்பது பொதுவான கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் ஒரே கோடையில் முழுதும் உலர்ந்துவிடாது. எனினும் பங்குனியில் தொடங்கினால் சித்திரை, வைகாசி வெயில் உதவும். பிறகு நன்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கும் சலித்த மணல் மூன்று பங்கும் சேர்த்து, அரை அங்குலத்துக்கு மிகாத அடுக்குகளாகப் பூசச் சொல்லுங்கள். உவர்ப்பான போர்த் தண்ணீரைக் கலவைக்குப் பயன்படுத்தினால் நீங்களே சுவரில் உப்பை ஏற்றியவர்களாவீர்கள். பூச்சின்மேல் வெள்ளையடிப்பதே போதும். சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வேர்பிடிக்காது.

ஓதம் ஏறாமல் தடுக்க, சுவரில் துளையிட்டு ரசாயனம் செலுத்தும் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். உள்ளே இடைவெளிகள் கொண்ட பழைய சுவரில் அந்த மருந்து சீராகப் பரவுவது அரிது. வெளியே தேங்கும் நீரை வடித்து, சாக்கடைக் கசிவை அடைத்து, அதன் பின்னும் ஓதம் குறையாவிட்டால் மட்டும் அதை யோசிக்கலாம். குறைகிறதா என அறிய, வேலை தொடங்கும் முன்பே ஈரக்கோட்டின் உயரத்தை அளந்து தேதியுடன் குறித்து வைத்து, மழைக்காலம் முடிந்ததும் மீண்டும் அளந்து பாருங்கள்.