டீசல் பயண வண்டி: சக்கரத்திலிருந்து இன்ஜினை நோக்கிப் போங்கள்

வண்டி கட்ட ஆசைப்படும் யாரும் முதலில் இன்ஜினைத்தான் தேடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு கம்மின்ஸ் 4பிடி கிடைத்தது. 3.9 லிட்டர், நாலு சிலிண்டர், சுமார் 340 கிலோ. அதைச் சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இறக்கி வைத்துவிட்டு, அதற்கேற்ற கியர்பாக்ஸையும் ஆக்சிலையும் (சக்கரங்களைத் தாங்கும் அச்சையும்) தேடினால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே இல்லை. இரண்டாவது வண்டியில் எடை, டயர், ஆக்சில், கடைசியாக இன்ஜின் என்று வரிசையைத் தலைகீழாக்கினேன். வேலை பாதியாகக் குறைந்தது.

எடை என்றால் காலி வண்டியின் எடை அல்ல. டீசல், தண்ணீர், ஆட்கள், ஸ்பேர் என்று எல்லாவற்றையும் ஏற்றி, எடைமேடையில் ஒவ்வொரு ஆக்சிலாக நிறுத்திப் பாருங்கள். என் வண்டியில் பின்பக்கம் மட்டும் 1,800 கிலோ காட்டியது. டயர் 35 அங்குலம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.7 மீட்டர் உருளும்.

இந்த இரண்டும் தெரிந்தால் மீதி கணக்குதான். 90 கி.மீ. வேகத்தில் இந்த டயர் நிமிடத்துக்கு 555 முறை சுற்றும். ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரத்தின் விகிதம் 4.10, ஐந்தாவது கியர் 0.75 என்றால் இன்ஜின் 1,700 ஆர்.பி.எம்.மில் ஓடும். 4பிடியின் இழுவை 1,600 அருகே உச்சத்தில் இருப்பதால் நெடுஞ்சாலைக்கு இது பொருத்தம். அதே வண்டியில் 3.54 போட்டால் 1,475க்கு இறங்கிவிடும். சின்ன ஏற்றத்துக்கே கியரைக் குறைக்க வேண்டிவரும். மலைப்பாதைக்கு, முதல் கியர் 5.61, டிரான்ஸ்ஃபர் கேஸின் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) லோ கியர் 2.72, ஆக்சில் 4.10 மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 63 வரும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது, 800 ஆர்.பி.எம். என்றால் வண்டி மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும். பாறையில் கிளட்சைத் தொடாமல் இறங்க எனக்கு இது போதும். டீசலுக்கு 100ஐத் தாண்டிய விகிதம் தேவையில்லை என்பது என் கருத்து.

ஆக்சிலில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு: பின்பக்கம் ஃபுல் ஃப்ளோட்டிங்காக இருக்க வேண்டும். இதில் வண்டியின் பாரத்தை ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சுமக்கிறது. ஷாஃப்ட் திருப்ப மட்டுமே. ஒருமுறை ஆற்றுப்படுகையில் லாக்கரை (இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு) போட்டு ஏறும்போது இடது ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடைந்தது. சக்கரத்தைக் கழற்றவே இல்லை. ஹப்பின் எட்டு போல்ட்டைக் கழற்றி வெளித்துண்டை உருவினேன். உள்ளே மாட்டியிருந்த துண்டைக் காந்தம் கட்டிய கம்பியால் இழுத்தேன். உடைந்த முகம் கரும்பைத் திருகி ஒடித்ததுபோல நார் நாராக இருந்தது. ஸ்பேர் ஷாஃப்டைச் சொருகிக் கிளம்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. ஷாஃப்டே பாரத்தையும் சுமக்கும் செமி ஃப்ளோட்டிங்காக இருந்திருந்தால் சக்கரமே கழன்று போயிருக்கலாம்.

ஷாஃப்ட் ஏன் உடைந்தது? கணக்குப்படி முதல் கியர் லோவில் ஆக்சிலுக்கு 22,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும். ஆனால் 1,800 கிலோ பாரத்தில் 6,000 வாக்கிலேயே டயர் வழுக்கிவிடும். வழக்கமாக அதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. லாக்கர் போட்டு, வண்டி சாய்ந்து, பாரம் முழுக்க ஒரு சக்கரத்தில் விழுந்தால் அந்த 6,000மும் ஒரே ஷாஃப்டில் ஏறும். அதனால் ஷாஃப்ட் அளவை இன்ஜினை வைத்து அல்ல, ஆக்சில் பாரத்தையும் டயரையும் வைத்து முடிவு செய்யுங்கள். உடைந்தே தீரும் என்றால் வழியில் மாற்றக்கூடிய பொருள் உடையட்டும். ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் (மூட்டு) அப்படிப்பட்டது. நான் இரண்டு பக்கமும் ஒரே 1350 அளவு போட்டேன்; ஒரே ஸ்பேர் எங்கும் பொருந்தும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் வாங்கும் முன், முன் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் (கிரவுன் பினியன் இருக்கும் உருண்டைப் பகுதி) வலப்பக்கமா இடப்பக்கமா என்று பார்த்துவிடுங்கள். முன்பக்க அவுட்புட் அதே பக்கம் வர வேண்டும்.

கியர்பாக்ஸாக என்.வி. 4500 எடுத்தேன். வார்ப்பிரும்பு உடம்பு, கனமானது; நாலு சிலிண்டர் டீசலின் அதிர்வை அது தாங்கும். பெட்ரோல் வண்டியின் மெல்லிய கியர்பாக்ஸில் அந்த உதறல் பல்லையும் பேரிங்கையும் தின்றுவிடும். கிளட்ச் தட்டில் அதிர்வை உள்வாங்கும் டேம்பர் ஸ்பிரிங் கட்டாயம்.

இங்கேதான் என் முதல் வண்டி என்னைப் படுத்தியது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டைப் பொருத்தி அப்படியே மூடிவிட்டேன். சில வாரங்களில் கிளட்ச் மிதித்தால் கீச்சென்று சத்தம். பிரித்தால், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் தூளாகியிருந்தது. இன்புட் ஷாஃப்டின் நுனி ஒரு பக்கம் மட்டும் நீலம் பாரித்திருந்தது. ஃப்ளைவீலில் டயல் கேஜை (நுண்ணளவு காட்டும் கருவி) கட்டி, கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கின் துளையைச் சுற்றிப் பார்த்தபோது முள் 0.35 மி.மீ. ஆடியது; அதாவது துளை மையம் விலகியிருந்தது. 0.13க்குள் இருக்க வேண்டும். ஆஃப்செட் டவல் பின் (மையம் விலகிய பொருத்தும் ஊசி) போட்டுத் திருப்பித் திருப்பி 0.08க்குக் கொண்டுவந்தேன், அரை நாள் போனது. அந்த அரை நாளைத் தயவுசெய்து முதலிலேயே செலவழியுங்கள்.

அப்புறம் எண்ணெய். கியர் எண்ணெயின் தர வகைகளில் கியர்பாக்ஸுக்கு ஜி.எல். 4, ஆக்சிலுக்கு ஜி.எல். 5. மாற்றி ஊற்றினால் சில ஜி.எல். 5 எண்ணெய்கள், கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோ வளையத்தின் பித்தளையை அரித்துவிடும். 500 கி.மீ. ஓட்டியதும் வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை வருவது சகஜம். மஞ்சள் துகள் மின்னினால் கிளம்பாதீர்கள், கியர்பாக்ஸை இறக்குங்கள்.