புது ஆர்சி (ரிமோட்டில் ஓடும் சின்ன) காருக்கு ஒரு துண்டுப் பேப்பர்

முதல் ஓட்டத்துக்கு முன், பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்துக்கும் பெரியதுக்கும் நடுவே நோட்டுப் பேப்பர் துண்டு ஒன்றை விட்டுக் கையால் சுற்றுங்கள். விசிறி மடிப்பு மாதிரி சீராக மடிந்து, கிழியாமல் வெளியே வந்தால் இடைவெளி சரி. கிழிந்தால் இறுக்கம் அதிகம், மோட்டார் வீணாகச் சூடாகும். மடிப்பே சரியாக விழாவிட்டால் தளர்வு. பிளாஸ்டிக் பல் சீக்கிரம் மொட்டையாகிவிடும்.

சரிசெய்ய, மோட்டார் திருகுகளைத் தளர்த்தி, பேப்பரை இடையில் வைத்தபடியே மோட்டாரை நெருக்கித் தள்ளி முடுக்குங்கள். பேப்பரின் கனம்தான் வேண்டிய இடைவெளி. அப்புறம் பேப்பரை உருவிவிட்டு, பெரிய சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பாகங்களை ஏற்கெனவே பூட்டி முழுசாகக் கடையில் விற்கும் காருக்கும் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

டமியா டிடி-02 போல மோட்டாருக்கு இடம் முன்பே குறித்திருக்கும் கார்களுக்கு இது தேவையில்லை.