தாய் வாத்து பக்கத்தில் இருக்கும்போது குஞ்சை எடுப்பது எப்படி?

மனித வாடை பட்டால் தாய் வாத்து குஞ்சைச் சேர்க்காது என்பார்கள். வெறும் பேச்சு. குஞ்சைத் தாய் அறிவது பெரும்பாலும் குரலாலும், கூடவே இருப்பதாலும். காரியம் கெடுவது நாம் எடுக்கிற நேரத்தாலும், திருப்பி விடாமல் வைத்திருக்கிற நேரத்தாலும்தான்.

வீட்டு வாத்துகளில் ஒழுங்காக அடை உட்காருவது மணிலா வாத்து. 35 நாளில் பொரிக்கும். பொரித்த முதல் நாள் கூட்டுப் பக்கமே போகாதீர்கள். தாயும் குஞ்சும் ஒன்றையொன்று பழகுவது அப்போதுதான். குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும், தீனிக்கு அவசரமில்லை.

பிறகு எடுக்க வேண்டுமானால் பொழுது சாய்ந்தபின் எடுங்கள். ஒருவர் பத்தடி தள்ளிக் குருணை போட்டுத் தாயை இழுக்கட்டும். மற்றவர் குனிந்தபடி பக்கவாட்டில் போகட்டும், கையில் ஒரு முறம் இருக்கட்டும். தாய் கழுத்தைத் தாழ்த்தி நீட்டி, அலகைத் திறந்து சீறினால் அங்கேயே நில்லுங்கள். இன்னும் ஓரடி வைத்தால் பாயும். மணிலாவின் சிறகடி வலிக்கும், நகம் கிழிக்கும். அதற்குத்தான் முறம், முழுக்கைச் சட்டை.

ஒரு கையைக் குஞ்சின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, மறு கையால் முதுகை மூடுங்கள். காலைப் பிடித்துத் தூக்கினால் சுளுக்கிக்கொள்ளும். நெஞ்சை இறுக்கினால் மூச்சு முட்டும். குஞ்சு வீறிட்டால்தான் தாய் வெறிகொள்ளும். உள்ளங்கை இருட்டில் அது அடங்கிவிடும். எடை, தொப்புள் பார்த்து ஐந்து நிமிடத்தில் தாயின் கண்ணெதிரே தரையில் விடுங்கள்.

மருந்துக்காகப் பிரித்து வைப்பதானால் தாய்க்குத் தெரியும் இடத்தில், கம்பிவலைக்குப் பின்னால், துணைக்கு இன்னொரு குஞ்சோடு வையுங்கள். வீட்டுக்குள் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டுப் பகலில் கொண்டுவிட்டால் வேற்றுக் குஞ்சென்று கொத்தக்கூடும். இரவில் சிறகுக்கடியில் நுழைத்துவிட்டு, விடியும்போது கவனியுங்கள். தலையில் கொத்தினால் எடுத்துவிடுங்கள். அப்படிப் பிரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். தாயில்லாக் குஞ்சைக் குளத்தில் விடாதீர்கள், நனைந்து விறைத்துவிடும்.

தாய் தானாக ஒதுக்கிய குஞ்சு பெரும்பாலும் ஏற்கெனவே நலிந்தது. உங்கள் கை காரணமல்ல.

ஏரிக்கரைக் காட்டு வாத்து சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால், உங்களைக் குஞ்சிடமிருந்து திசைதிருப்புகிறது என்று பொருள். பின்தொடராதீர்கள், குஞ்சையும் தூக்காதீர்கள். கண்ணுக்கு மறைவாக விலகி நின்றால் அதுவே திரும்பி வந்து கோரைக்குள் குரல் கொடுக்கும்.